மூக்குக்குள் எந்த ரகம்?

சேலத்தில் மாம்பழ சீசனில் பழக்கடை முன்னால் நின்று "மாம்பழம் கிலோ என்ன விலை?" என்று கேட்டால் நேரே பதில் வராது. "எந்தப் பழம் வேணுங்க?" என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார். குண்டு, இமாம் பசந்த், மல்கோவா, செந்தூரா, பெங்களூரா என்று கூடை கூடையாக வைத்திருப்பவரிடம் வெறும் 'மாம்பழம்' என்ற சொல்லுக்கு விலை கிடையாது. தாவரவியல்காரர் இத்தனையையும் ஒரே இனம் என்று ஒரு லத்தீன் பெயரில் அடக்கிவிடுவார். ஊறுகாய் போடுகிறவருக்கும் ஜூஸ் ஃபேக்டரிக்காரருக்கும் அந்தப் பெயரால் ஒரு காரியமும் ஆகாது. மரவள்ளி போடுகிற விவசாயியும் அப்படித்தான். முள்ளுவாடியா, குங்குமரோஸா என்று தெரியாமல் விதைக்குச்சிக்கு அட்வான்ஸ் கொடுக்க மாட்டார். ரகம் தெரிந்த பிறகுதான் இந்தப் பக்கம் வியாபாரப் பேச்சே.

மூக்குக்குள் குடியிருக்கும் பாக்டீரியா என்று வந்தால் மட்டும் இந்த விவரம் நமக்கு மறந்துவிடுகிறது. லேப் ரிப்போர்ட்டில் 'ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்று ஒரு பெயர் இருந்தால் பதறுகிறோம். 'வளர்ச்சி இல்லை' என்றிருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். இரண்டுமே அவசரம். நோய்நொடி இல்லாதவர்களின் மூக்குகளைத் துடைத்துப் பார்த்தால் அந்த ஒற்றைப் பெயருக்குள் வெவ்வேறு சுபாவமுள்ள கூட்டங்கள் கிடைக்கின்றன. ஒன்று ஆயுசுக்கும் சும்மா இருந்துவிட்டுப் போகும். இன்னொன்று பல மருந்துகளுக்கு எளிதில் மசியாது. மற்றொன்று கால்நடையிலிருந்து வந்து ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பும். ஆகவே 'கிருமி இருக்கிறதா' என்று கேட்பதைவிட, 'எந்த ரகம், யார் யாரோடு குடியிருக்கிறது' என்று கேட்பதுதான் உருப்படியானது என்பது என் கட்சி. பாடப்புத்தகத் தமிழில் இதற்கு 'திரிபு', 'விகாரம்' என்றெல்லாம் சொல் இருக்கிறது. விகாரம் என்றதுமே முகம் சுளிக்கத் தோன்றுகிறது. ரகம் என்ற நம் சொல்லே போதும்.

பரிசோதனை எளிமையானது. உப்புநீரில் நனைத்த பஞ்சுக்குச்சியை மூக்குத் துவாரத்தின் முன்பகுதியில், முடி முளைத்திருக்கும் இடத்தில் வைத்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றி எடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் கண்ணில் நீர் வரும்வரை உள்ளே விட்ட குச்சி மாதிரி இது அவ்வளவு தூரம் போகாது. ஆட்டு ரத்தம் கலந்த அகார் தட்டில் அந்தக் குச்சியைத் தேய்த்து, 37 டிகிரி சூட்டில் ஒரு ராத்திரி மூடி வைக்கிறார்கள். காலையில் பார்த்தால் தட்டெங்கும் புள்ளிகள். வெள்ளை வெளேரென்று இருப்பவை பெரும்பாலும் எபிடெர்மிடிஸ் என்ற சாது. வழவழவென்று மேடிட்டு, பழைய நகையின் மங்கிய மஞ்சளில் இருப்பவை ஆரியஸ். லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பொன் என்று அர்த்தம்; 1884இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் வைத்த பெயர். ஒவ்வொரு புள்ளியும் ஒரே மூதாதையின் வம்சம், லட்சக்கணக்கில். இரண்டு பேர் மூக்கிலிருந்து வந்த இரண்டு பொன் புள்ளிகளைத் தனித்தனியாக வளர்த்து, நடுவில் செஃபாக்ஸிட்டின் மருந்து தோய்த்த சிறு வட்டத் தாளை வைத்தால், ஒரு தட்டில் தாளைச் சுற்றி அகலமாக வெற்றிடம் விழும். இன்னொரு தட்டில் பாக்டீரியா தாளின் விளிம்பை ஒட்டியே முளைத்திருக்கும். பெயர் ஒன்று, நிறம் ஒன்று, சுபாவம் இரண்டு.

கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இவ்வளவுதான். உள்ளே இருக்கும் வித்தியாசம் இதைவிடப் பெரிது. ஆரியஸின் மரபணுத் தொடர் ஏறத்தாழ 28 லட்சம் எழுத்துகள் நீளம். அதில் முக்கால் பங்கு எல்லா ரகத்துக்கும் பொது. மீதிக் கால் பங்கு ரகத்துக்கு ரகம் மாறுகிறது. நஞ்சு சுரக்கும் ஜீன், மருந்தை எதிர்க்கும் ஜீன், மனித உடம்பின் காவலை ஏமாற்றும் ஜீன் எல்லாம் பெரும்பாலும் இந்தக் கால் பங்கில்தான் இருக்கின்றன. அவை ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்கின்றன. 'கால் பங்குதானே, அதற்கு இத்தனை அலட்டலா' என்று ஒருவர் கேட்கலாம். நாமக்கல்லில் பாடி கட்டும் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் ஒன்றாகத்தான் வருகிறது. மேலே என்ன கட்டினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது முட்டை ஏற்றுமா, போர்வெல் போடப் போகுமா என்பது தெரியும்.

எந்த மூக்கில் எந்த ரகம் தங்கும் என்பதும் குருட்டாம்போக்கில் நடப்பதில்லை. பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் மூக்கில் ஆரியஸ் நிரந்தரமாகக் குடியிருக்கிறது; இன்னும் பலருக்கு வந்து வந்து போகிறது; மீதிப் பேரிடம் ஒட்டுவதே இல்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த விஷயத்தில் பிரமாதமானது. தன்னார்வலர்களின் மூக்கை மருந்து போட்டு முதலில் சுத்தம் செய்தார்கள். பிறகு பல ரகங்களைக் கலந்து எல்லோர் மூக்கிலும் இட்டார்கள். முன்பு ஆரியஸ் இல்லாதவர்களின் மூக்கு வந்த அத்தனையையும் சீக்கிரமே விரட்டிவிட்டது. நிரந்தரக் குடி இருந்தவர்களில் பெரும்பாலோரின் மூக்கோ, அந்தக் கலவையிலிருந்து தன் பழைய ரகத்தையே தேடிப் பிடித்து வைத்துக்கொண்டது. வேலிக்குள் எந்த ஆட்டை விடுவது என்று மேச்சேரி ஆடு வளர்ப்பவர் பார்ப்பதுபோல மூக்கும் பார்க்கிறது என்று தோன்றும். மூக்குக்குப் புத்தி கிடையாதுதான்; ஒவ்வொருவரின் சளியும் தோலும் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து செய்கிற வேலை அது.

அக்கம்பக்கமும் முக்கியம். எபிடெர்மிடிஸைச் சாது என்று மேலே சொன்னேன். அதிலும் ரகம் உண்டு. டோக்கியோவின் ஜிகெய் மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 2010இல் கண்டறிந்தபடி, எபிடெர்மிடிஸின் சில ரகங்கள் மட்டும் ஒரு புரதச் சிதைப்பியைச் சுரந்து, ஆரியஸ் மூக்கில் கட்டும் பிசுபிசுப்பான படலத்தைக் கலைத்துவிடுகின்றன. அதைச் சுரக்காத ரகம் பக்கத்தில் எத்தனை கோடி இருந்தாலும் ஆரியஸுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகர ஆய்வாளர்கள் 2016இல் இன்னொன்றைக் காட்டினார்கள். லக்டுனென்சிஸ் என்ற மூக்குவாசி, லக்டுனின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தானே தயாரிக்கிறது. 187 நோயாளிகளைச் சோதித்ததில், லக்டுனென்சிஸ் இருந்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேரிடம்தான் ஆரியஸ் இருந்தது. அது இல்லாதவர்களில் 35 சதவீதம் பேரிடம். மருந்துக் கம்பெனிகள் மண்ணில் தேடிக்கொண்டிருந்த சரக்கு மனிதன் மூக்கிலேயே இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயம் இல்லை என்பதற்குக் குழந்தைகளின் மூக்கே சாட்சி. நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் காரணமான நிமோகாக்கஸ், மதுரையை ஒட்டிய கிராமங்களில் 1990களின் பிற்பகுதியில் 464 கைக்குழந்தைகளிடம் தேடப்பட்டது. வைட்டமின் ஏ பற்றிய பெரிய ஆய்வு ஒன்றின் கிளை அது. இரண்டு மாதக் குழந்தைகளிலேயே பாதிப் பேர் மூக்கில் நிமோகாக்கஸ் இருந்தது. ஆறு மாதம் ஆகும்போது பத்தில் ஏழு பேரிடம். அத்தனை குழந்தைகளும் நிமோனியாவில் விழவில்லை. விழுந்திருந்தால் அந்தக் கிராமங்களில் தொட்டில்கள் காலியாகியிருக்கும். இந்த இனத்துக்கு நூறுக்கு மேற்பட்ட ரகங்கள் உண்டு. உடம்பைச் சுற்றிய சர்க்கரை உறையை வைத்து அவற்றுக்கு எண் போட்டிருக்கிறார்கள். மூக்கில் சாவகாசமாகத் தங்குபவை பெரும்பாலும் 6, 19 போன்ற எண்கள். 1ஆம் ரகம் ஆரோக்கியமான மூக்கில் கிடைப்பதே அரிது. வந்தால் அதிக நாள் தங்காது; நேரே நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ இறங்குவது மற்ற பல ரகங்களைவிட அதிகம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஒருங்கிணைப்பில் நாட்டின் பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து 1993 முதல் 1997 வரை நோயாளிகளிடம் கிடைத்த நிமோகாக்கஸை ரகம் பிரித்தன. 1999இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. 1, 5 ஆகிய இரண்டு ரகங்கள் மட்டுமே நோயில் 29 சதவீதத்துக்குக் காரணம். இந்த எண்ணின் அருமை அடுத்த வருடமே புரிந்தது. 2000இல் அமெரிக்கா கொண்டுவந்த முதல் குழந்தைத் தடுப்பூசி ஏழு ரகங்களுக்கானது: அதில் 1உம் கிடையாது, 5உம் கிடையாது. அவர்கள் ஊர் நோய்க்கு ஏற்ப அவர்கள் தைத்த சட்டை அது. அதை அப்படியே வாங்கி நம் குழந்தைகளுக்கு மாட்டியிருந்தால் கால் பங்குக்கு மேல் வெளியே தெரிந்திருக்கும். 2020 டிசம்பரில் புனே சீரம் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட நிமோசில் ஊசியில் பத்து ரகங்கள். 1, 5 இரண்டும் அடக்கம். 2021 ஜூலையில் தமிழ்நாட்டின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கஸ் ஊசி சேர்ந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று ஆரம்ப சுகாதார நிலைய அட்டையில் கட்டம் போட்டிருக்கிறார்களே, அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த ரகக் கணக்குதான்.

'பத்து ரகத்தை விரட்டினால் மீதி தொண்ணூறு வந்து உட்காராதா?' என்பது நியாயமான கேள்வி. உட்காரத்தான் செய்யும். அமெரிக்காவில் ஏழு ரக ஊசி வந்தபின் அதில் இல்லாத 19ஏ தலைதூக்கியது. ஆனாலும் குழந்தைகளின் கடும் நோய் மொத்தத்தில் இறங்கியது. ஏனென்றால் காலி இடத்துக்கு வந்தவற்றில் பல, போனவற்றைவிடச் சாது. இனத்தையே ஒழிக்கக் கிளம்பாமல் முரட்டு ரகங்களைப் பார்த்துக் களையெடுத்ததால் கிடைத்த லாபம் அது. களை திரும்ப முளைக்கும் என்பதால் வயலை யாரும் தரிசாக விடுவதில்லை. என்ன முளைக்கிறது என்று வருடா வருடம் பார்க்கிறார்கள். அதற்கு அடுத்து வந்த ஊசிகளில் 19ஏ சேர்ந்தது அப்படிப் பார்த்ததால்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. மூக்கில் ஆரியஸ் இருப்பது ஆபத்துதானே, எதற்கு ரகம் பார்ப்பது, மொத்தமாகத் துடைத்துவிட்டால் என்ன? ஆபத்து இருப்பது உண்மை. ஜெர்மனியில் ரத்தத்தில் ஆரியஸ் கலந்த 219 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 180 பேருக்கு ரத்தத்தில் இருந்த ரகமும் மூக்கில் இருந்த ரகமும் ஒன்றே. 2001இல் வந்த கணக்கு. ஆனால் 2004இல் நெதர்லாந்தில் 14,008 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு கதையைத் திருப்பிப் போட்டது. மூக்கில் ஆரியஸ் வைத்திருந்தவர்களுக்கு ரத்தத் தொற்று மூன்று மடங்கு அதிகம். அப்படித் தொற்று வந்தபின் இறந்தவர்களோ, மூக்கில் அது இல்லாதவர்களில்தான் அதிகம். பல வருடம் கூடக் குடியிருந்த ரகத்தை உடம்பு அடையாளம் தெரிந்து வைத்திருக்கிறது போலும். முன்பின் தெரியாத ரகம் வரும்போதுதான் திணறுகிறது. அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்குச் சில நாள் மட்டும் முபிரோசின் களிம்பு தடவி, கிருமிநாசினிச் சோப்பில் குளிக்கவைப்பது பலன் தருகிறது. 2010இல் வெளியான டச்சு மருத்துவமனைச் சோதனையில் இப்படிச் செய்யாதவர்களில் 7.7 சதவீதம் பேருக்கு ஆரியஸ் தொற்று வந்தது, செய்தவர்களில் 3.4 சதவீதம் பேருக்குத்தான். உடம்பில் கத்தி படும் நேரத்துக்கு அது சரி. நல்லா இருக்கிற ஆளெல்லாம் மூக்கைக் காலி செய்துகொள்ள அது காரணம் ஆகாது. காலி மனை ரொம்ப நாள் காலியாக இருப்பதில்லை.

நாமக்கல் இங்கேதான் மறுபடி கதைக்குள் வருகிறது. தினமும் கோடிக்கணக்கில் முட்டை போகும் ஊர். கூண்டு வரிசைகளுக்கு நடுவே முட்டை பொறுக்குகிறவர், மக்காச்சோளமும் சோயாவும் அரைக்கும் தீவன மில்லில் மூட்டை அவிழ்க்கிறவர், எரு அள்ளுகிறவர் எல்லோரும் மூச்சு விடுவது கோழியோடு பங்கு போட்ட காற்றை. எடின்பரோவின் ரோஸ்லின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, பல நாடுகளின் கறிக்கோழிகளில் காணப்படும் ஆரியஸில் பெரும்பகுதி ஒரே ஒரு தடவை மனிதனிடமிருந்து கோழிக்குத் தாவிய ரகத்தின் சந்ததி. அந்த ஆய்வுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த தாவல் அது. கோழிக்குப் போனபின் மனிதனைத் தாக்க வைத்திருந்த சில ஜீன்களைப் பழுதாக்கிக்கொண்டு, கோழியின் காவல் செல்களிடமிருந்து தப்பும் வித்தையைப் பிடித்துக்கொண்டது. கோழி மனிதனுக்கு நோய் தந்ததாகவே நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இந்த வழக்கில் கொடுத்தவர் நாம்தான்.

திரும்பி வரும் பாதையும் இருக்கிறது. நெதர்லாந்தில் 2005இல் பன்றி வளர்ப்பவர்களிடம் மெத்திசிலின் என்ற மருந்துக்கு மசியாத ஆரியஸ் பொதுமக்களைவிட 760 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். 398 என்ற எண் கொண்ட அந்த ரகமும் ஆதியில் மனிதனுடையதே என்று 2012இல் மரபணு வரிசை காட்டியது; மருந்து புழங்கும் பண்ணைக்குப் போய், எதிர்ப்பைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளை. இந்த எண்ணை எடுத்து நாமக்கல் கோழிப்பண்ணை மேல் ஒட்டுவது தவறு: பன்றி வேறு, கறிக்கோழி வேறு, முட்டைக்கோழி வேறு. கண்டதும் பதறவும் வேண்டியதில்லை. பண்ணைக்குள் சில மணி நேரம் இருந்துவிட்டு வந்தவர்களின் மூக்கில் ஒட்டிய 398, பெரும்பாலோருக்கு மறுநாளே காணாமல் போனது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதிலும் அது மந்தம். இதெல்லாம் தெரிந்தது ரகம் பார்த்ததால். 'ஆரியஸ் இருக்கிறது' என்ற அளவில் நிறுத்தியிருந்தால் விருந்தாளி யார், குடித்தனக்காரர் யார் என்று பிரித்திருக்க முடியாது.

பண்ணையை மட்டும் குற்றம் சொல்வதும் ஒருதலைப்பட்சம். கால்நடையோடு சம்பந்தமே இல்லாமல் நம் துணைக்கண்டத்திலேயே எழுந்து உலகம் சுற்றும் ரகம் ஒன்று இருக்கிறது. எண் 772, வங்காள விரிகுடாக் குளோன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2000களின் நடுவில் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் முதலில் தென்பட்டு, பிறகு பயணிகளோடு ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் மசியாத இது ஆஸ்பத்திரிப் படுக்கையில் மட்டும் இல்லாமல் ஊருக்குள்ளும் புழங்குகிறது. தும்மல் வந்ததும் மெடிக்கலில் நின்று "சளிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறோமே, அங்கே நடப்பது ரகத் தேர்தல். சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். அதை அந்த மாத்திரை தொடுவதில்லை. மூக்கில் சும்மா இருந்த சாதுக்கள் செத்து, மசியாத ரகத்துக்குப் போட்டியில்லாமல் இடம் கிடைக்கிறது. தீவனத்தில் கலந்தாலும் இதே கணக்குதான். கோலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தை 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடைக்கும் கோழிக்கும் தடை செய்ததன் நியாயம் அது. கோலிஸ்டின் குறிவைப்பது வேறு வகைக் கிருமிகளை, ஆரியஸை இல்லை. ஆனால் மருந்து புழங்கும் இடத்தில் எந்த ரகம் மிஞ்சும் என்ற விதி எல்லாக் கிருமிக்கும் ஒன்று.

கடைசியாகச் செலவு. சளி பிடித்த ஒவ்வொருவருக்கும் மரபணு வரிசை பார்க்க முடியுமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். தனி மனிதனின் மூக்குக்கு இது தேவையில்லாத ஆராய்ச்சி. ஊருக்கு மாதிரி எடுத்தால் போதும். முட்டையையெல்லாம் உடைத்துப் பார்த்தா விலை வைக்கிறார்கள்? கொரோனாவில் டெல்டாவா வேறு ரகமா என்று பிரிக்க 2021 செப்டம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அரசே மரபணு வரிசை ஆய்வகம் திறந்தது. பாக்டீரியாவை வாசிப்பதற்கும் அடிப்படை முறை அதேதான். நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஒன்றில் கோழியின் மாதிரி அகார் தட்டில் முளைக்கிறது, இன்னொன்றில் கோழி வளர்ப்பவரின் மாதிரி. இரண்டு தட்டிலும் அதே மங்கிய பொன் புள்ளிகள்தான். வருடத்துக்குச் சில நூறு புள்ளிகளை இரண்டு பக்கமும் குளிர்பெட்டியில் சேர்த்து வைத்து, ஒன்றோடொன்று வைத்து வாசித்தால், எது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எண்ணாகவே சொல்லிவிடலாம்.